வெள்ளிக்கிழமைக் கீரை

துனிஸ் நகரத்தில் மர்தோஷே பெலாயிஷ் எழுந்து நின்று பேசாத விசேஷம் என்று ஒன்று நடந்ததில்லை. விருத்தசேதனம், கல்யாணம், துக்கம், பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கதவு மாட்டியது, எதுவானாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்துவிடுவார். துணிக்கடை வைத்திருந்தது வயிற்றுக்காக. ஏழு சங்கங்களுக்குச் செயலாளராக இருந்தது ஆத்மாவுக்காக. ஏழை மணப்பெண்களுக்கு உடை கொடுக்கும் சங்கம் அந்த ஏழில் ஒன்று. உடை தைக்க ஒரு நாள் ஆனால், அதைக் கையில் கொடுக்கும் முன் அவர் பேசி முடிக்க இன்னொரு நாள் ஆகும் என்று அந்தப் பெண்களே சொல்வார்கள். பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு ஊதா ரிப்பன் கட்டிய பதக்கம் ஒன்றைக் கொடுத்திருந்தது. கொடுத்தால் ஒருவேளை நிறுத்துவார் என்று நினைத்திருக்கலாம். அவர் பதக்கத்துக்கு நன்றி சொல்ல எழுந்தார்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது நான்காவது மாதமாக ஊமை.

அவரை ஊமையாக்கியவன் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த தாஹர், ஊர்வழக்கில் மரியாதையோடு சீ தாஹர். 1942 நவம்பரில் நகரத்துக்குள் வந்த ஜெர்மன்காரர்கள் டிசம்பரில், யூத ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நின்றவர்களை விமானத் தளங்களுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே மேலிருந்து குண்டு விழுந்துகொண்டிருக்க, கீழே இவர்கள் குழி மூட வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து போன ஐந்து பேரில் இருவர் ஒரே வாரத்தில் செத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மர்தோஷே தளபதியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி, உரையை எழுத உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி ஹனீனா உரையின் இரண்டாவது பக்கத்தை அவர் முடிப்பதற்குள், தெருவுக்கு எண்ணெய் கொண்டுவரும் சீ தாஹரின் வண்டியில் அவரையும் மகள் லூனாவையும் காலி ஜாடிகளுக்கு நடுவில் ஏற்றிவிட்டாள். சக்வான் மலையடிவாரத்தில், பதினெட்டு வீடுகள் இருந்த ஐன் ஸஃப்சாஃபில் போய் இறங்கினார்கள். செக்குக்குப் பின்னால் இருந்த கல் அறை அவர்கள் வீடாயிற்று.

"ஊருக்கு நான் சொல்லப்போறது இதுதான்" என்றான் சீ தாஹர். "நீங்க என் பெரியம்மா மகன் குடும்பம். சூஸ் பட்டணத்துல குண்டு விழுந்து வீடு போச்சு. அந்த அதிர்ச்சியில இவருக்கு வாயும் காதும் போச்சு."

"வாய் எதுக்குப் போகணும்?" என்றார் மர்தோஷே. இருந்ததே அது ஒன்றுதான் என்பது போல.

"ஐயா, நாம பேசறது ஒரே அரபுதான். ஆனா உங்க ஆளுங்க பேசற ராகம் வேற. நீங்க சலாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், என் கழுதைக்கே தெரிஞ்சிடும் நீங்க யாருன்னு. ஆள் பிடிபட்டா உங்களுக்கு விமானத் தளம். எனக்குச் செவுத்துப் பக்கம் திரும்பி நிக்கிற வேலை, முதுகுக்குப் பின்னால துப்பாக்கி. அக்கா முக்காடு போட்டுக்கட்டும், ரெண்டு வார்த்தைக்கு மேல பேச வேண்டாம். குழந்தை எப்படியும் ஒரு வாரத்துல எங்க ராகத்தப் பிடிச்சுக்கும். நீங்கதான் ஆபத்து."

அன்றிலிருந்து அவர் ஊமை. ஆனால் மர்தோஷேயால் எதையும் சின்னதாகச் செய்ய முடியாது. மற்ற ஊமைகள் தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் குவித்துக் காட்டுவார்கள். இவர் எழுந்து நின்று, வானத்தைப் பார்த்து, மார்பில் கைவைத்து, மழை பொழிவது, ஆறு ஓடுவது, கடைசியில் ஒரு மனிதன் தாகத்தால் சாவது வரைக்கும் காட்டுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு வஸீலாவின் நொண்டிக் கழுதையின் நெற்றியில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். உண்மையில் ஒரு நல்ல வாக்கியம் மனதில் வந்து, அதைச் சொல்ல முடியாத துக்கத்தில் நின்றார். மறுநாள் கழுதை நேராக நடந்தது. அதற்கடுத்த நாள் வாசலில் இரண்டு ஆடு, ஒரு கோழி, விக்கல் நிற்காத ஒரு கிழவர்.

"கை காட்டாதீங்க. பேர் பரவுது" என்றாள் ஹனீனா.

"பரவட்டுமே" என்று கிசுகிசுத்தார் அவர், கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. "துனிஸ்ல ஏழு சங்கத்துக்குப் பேசினேன். ஒரு மனுஷன் என் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கல. இங்க வாயே திறக்கல."

"அதனாலதான்" என்றாள் ஹனீனா.

பேர் பரவினால் ஷேக் ஹமூதாவின் காதுக்குப் போகும் என்பதுதான் அவள் பயம். ஷேக் ஹமூதா அந்த வட்டாரத்து ஏழு ஊர்களுக்கு அரசாங்கத் தலைவர். சிவப்பு அங்கி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, விரலில் முத்திரை மோதிரம். மோதிரம் அவர் விரலைவிடப் பெரியது என்பதால் நூல் சுற்றிப் போட்டிருந்தார். "என் வட்டாரத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிடாது" என்பது அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது. டிசம்பரில் ஜெர்மன்காரர்கள் கேட்டபோது, தன் எல்லைக்குள் வெளியாள் ஒருவர்கூட இல்லை என்று எழுதி, முத்திரையை இரண்டு முறை குத்திக் கொடுத்திருந்தார். ஊர்களைச் சுற்றிப் பார்க்காமலே. மழை பெய்துகொண்டிருந்தது.

இத்தனை பயத்துக்கும் நடுவில் ஹனீனாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. சனிக்கிழமை யூதருக்கு ஓய்வுநாள், அவர்கள் நெருப்பு மூட்டக்கூடாது. வெள்ளி மாலை வைத்த நெருப்பு விடிவதற்குள் அணைந்துவிடும். மலைக் குளிரில் கல் அறை ஐஸ் பெட்டியாகிவிடும். முதல் சனிக்கிழமை லூனாவின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தபோது வஸீலா கதவைத் தட்டினாள். "எங்க அடுப்பு ஒரே புகை. உங்க அடுப்புல கொஞ்சம் தண்ணி காய்ச்சிக்கவா?" விறகு வைத்து, மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நெருப்பு நின்றது. அடுத்த சனிக்கிழமை அவள் கொழுந்தன் வந்தான். நனைந்த தீப்பெட்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கடுத்த சனிக்கிழமை ஒருத்தி தன் வீட்டில் விறகு வைக்க இடமில்லை என்று ஒரு கட்டைக் கொண்டுவந்து இவர்கள் அடுப்பிலேயே எரித்துவிட்டுப் போனாள். பதினான்கு சனிக்கிழமை, பதினான்கு தற்செயல். கடவுள் பார்த்துக்கொள்கிறார் என்றாள் ஹனீனா. தன் கைராசி என்றார் மர்தோஷே. லூனா அடுப்போரம் குளிர் காய்ந்தாள்.

மார்ச் மாதம் மழைக்குப் பிறகு ஒலிவ மரங்களுக்கு அடியில் காட்டுக் கீரை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. சீ தாஹர் சந்தைக்குப் போயிருந்தான். அறை முழுக்க எண்ணெய் ஜாடிகள். பதினான்கு வெள்ளிக்கிழமையாக வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிய ஹனீனா அந்தக் கீரையைப் பார்த்தாள். கீரை அவளைப் பார்த்தது.

அதில் வெள்ளிக்கிழமைக் குழம்பான பகைலா செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சமாக வதக்கி இறக்கிவிடலாம், அரை மணி நேரம், அதற்குப் பெயர் பகைலா இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பகைலாவுக்கு அரை மணிக் கணக்கெல்லாம் தெரியாது. மலை போலக் கீரையைப் போட்டு, குடம் குடமாக எண்ணெய் ஊற்றி, பச்சை போய், பழுப்பு போய், தாரைப் போலக் கறுத்து ஒரு கைப்பிடியாகச் சுருங்கும்வரை விடாமல் கிளற வேண்டும். பிறகுதான் அதில் வெள்ளை மொச்சையும் புதினாவும் போட்டு வேகவைப்பது. அந்த மணத்துக்கு ஒரு விலாசம் உண்டு. துனிஸில் வெள்ளிக்கிழமை தெருவில் நடக்கும் முஸ்லிம், இத்தாலியன், மால்டாக்காரன் யாரானாலும், மூக்கை வைத்தே இது யூதர் வீடு என்று சொல்லிவிடுவான். நாலு மாதமாக முக்காட்டையும் ஊமையையும் வைத்துக் கட்டிய கோட்டையை, மதியத்துக்குள் ஒரு சட்டிக் கீரை மலையடிவாரம் முழுக்க அறிவித்துவிட்டது.

ஹனீனாவுக்கு அது உறைத்தபோது கீரை கறுத்து முடிந்திருந்தது. மொச்சையும் பாதி வெந்திருந்தது. சட்டியை மூட எழுந்தாள். லூனா ஓடிவந்தாள்.

"அம்மா, ஷேக் வர்றார். கூட ஒரு ஜெர்மன் அதிகாரி. எண்ணெய் வேணுமாம். ரெண்டாவது வளைவு தாண்டிட்டாங்க."

சட்டியை எங்கே ஒளிப்பது? சட்டியை ஒளித்தாலும் மணத்தை எங்கே ஒளிப்பது? மர்தோஷே சுவரோரம் உட்கார்ந்து முகத்தை ஊமையாக்கிக்கொண்டார். அதைச் செய்ய அவருக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். ஹனீனா முக்காட்டை இழுத்து விட்டாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதலில் கைத்தடி உள்ளே வந்தது, பிறகு அங்கி, பிறகு ஷேக். பின்னால் உயரமான இளம் அதிகாரி, புழுதிபடிந்த பூட்ஸுடன். இருவருக்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சு மட்டும். அதிகாரி அதை உடைந்த ஓடு போலத் துண்டு துண்டாகப் பேசினான். ஷேக் ஹமூதா அதை ஆறு போல நிற்காமல் பேசினார். ஆற்றில் வீட்டுக் கூரை, செத்த மாடு, வேரோடு பிடுங்கின மரம் எல்லாம் மிதந்து வந்தன. துனிஸில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஹனீனாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாத மாதிரி நின்றாள்.

"இவங்க யார்?" என்றான் அதிகாரி.

ஷேக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் பேசிய பிரெஞ்சைக் கேட்டதும் சுவரோரத்தில் மர்தோஷேயின் உதடு துடித்தது. பதக்கம் வாங்கிய மனிதர். அந்த மொழியை ஒருவன் கண்ணெதிரே கழுத்தை நெரிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. ஷேக் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினார். மர்தோஷேயின் விரல் மேலே எழுந்தது. திருத்துவதற்காக அவர் தொண்டையைச் செரும ஆரம்பித்தார். கல்யாண வீடுகளில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு முன் கேட்கும் அதே செருமல்.

அவள் யோசிக்கவில்லை. கொதிக்கும் பகைலாவில் ஒரு கரண்டி எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டாள்.

வந்த சத்தம் எந்த மொழியிலும் இல்லை. கண்ணில் நீர் தளும்ப, முகவாயில் கறுப்பு எண்ணெய் வழிய, அவர் காற்றில் கைகளை ஆட்டினார். நாலு மாதத்தில் அவர் செய்த ஊமை நடிப்பிலேயே அதுதான் இயல்பாக இருந்தது. அதிகாரி ஓரடி பின்வாங்கினான்.

ஆனால் ஷேக் ஹமூதா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் மூக்கு உயர்ந்திருந்தது. மெதுவாகச் சட்டியின் பக்கம் திரும்பி, இன்னொரு முறை இழுத்தார். பிறகு முக்காட்டுக்கு நடுவில் தெரிந்த ஹனீனாவின் ஒற்றைக் கண்ணைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"உங்க முத்திரை போட்ட காகிதம்" என்றான் அதிகாரி. "வெளி ஆள் இல்லைன்னு இருந்துச்சு. இவங்க யார்? சொல்லுங்க."

ஹனீனா விமானத் தளத்தை நினைத்தாள். செவுத்துப் பக்கம் திரும்பி நிற்கும் சீ தாஹரை நினைத்தாள். ஷேக் ஹமூதா எதை நினைத்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் கட்டைவிரல் மட்டும் மோதிரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தன் எல்லைக்குள் தனக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் நாலு மாதம் இருந்தது என்று ஒத்துக்கொள்வதா? ஒரு வெளிநாட்டான் முன்னால்? இரண்டு முறை குத்திய முத்திரைக்கு மேல்?

"வெளி ஆளா?" என்றார் ஷேக், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "ஐயா, யாரைப் பார்த்து வெளி ஆள்ங்கிறீங்க? இவர் என் சொந்தம். எங்கம்மா வழி. என் வட்டாரத்துல எனக்குத் தெரியாம கோழி முட்டை போடாது, என் சொந்தக்காரன் வந்து உட்காருவானா?"

"இது என்ன நாத்தம்?"

"நாத்தமா?" இந்த முறை அவர் உண்மையாகவே புண்பட்டார். "எங்க வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. தலைமுறை தலைமுறையா."

அதிகாரி சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கறுத்த எண்ணெயில் மொச்சை கண்கண்ணாக முழித்தது. "இதை மனுஷங்க சாப்பிடுவாங்களா? எங்க, சாப்பிடுங்க பார்ப்போம்."

ஷேக் ஹமூதா கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஹனீனா ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். முதல் கவளத்தை, கடமையைச் செய்யும் அதிகாரியின் முகத்தோடு எடுத்தார். அது வாய்க்குள் போனதும் முகத்திலிருந்த ஷேக் காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் பத்தொன்பது வயது ஏழைக் குமாஸ்தா ஒருவன் உட்கார்ந்திருந்தான், நன்றாகப் பசித்தவன். ரொட்டியால் தட்டைத் துடைத்தார். தட்டை நீட்டினார். அதையும் துடைத்தார். மூன்றாவது முறை நீட்டியபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். நான்காவது முறை பொறுமையிழந்து, இரண்டு ஜாடி எண்ணெயை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டான்.

ஷேக் சட்டியின் அடியைச் சுரண்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"மொச்சையக் கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்கணும்மா" என்றார் ஹனீனாவிடம், வாய்க்குள். "சின்ன வயசுல துனிஸ்ல உங்க ஆளு, தானியக்கடை மூசா கிட்ட கணக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமையானா அவன் வீட்டம்மா சோறு போடாம அனுப்ப மாட்டா. அவ முன்னாடியே போடுவா." பிறகு வாசலுக்குக் கேட்கும்படி, மர்தோஷேயைப் பார்த்து, "மச்சான், உடம்பைப் பார்த்துக்க" என்றார். ஊமையும் செவிடுமான மச்சானிடம் ஏன் கத்துகிறார் என்று கேட்க அதிகாரி அங்கே இல்லை.

சாயங்காலம் சீ தாஹர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டான். ஒரு ஜாடியின் மேல் உட்கார்ந்தான். "யாருக்கும் தெரியாம நாலு மாசம் காப்பாத்தினேன்" என்றான். "ஒரு கீரைக்கட்டு."

மறுநாள் காலை சட்டி காலி, அடுப்பு குளிர்ந்திருந்தது. வஸீலா வந்தாள். இந்த முறை அடுப்புப் புகையவில்லை, தீப்பெட்டி நனையவில்லை. நேராக வந்து, விறகை அடுக்கி, மூட்டினாள். இடுப்பிலிருந்து துணியில் கட்டிய ரொட்டியை எடுத்து வைத்தாள்.

"அந்த மனுஷன் மிச்சம் வெச்சிருக்க மாட்டான்னு தெரியும்" என்றாள். "நேத்து என் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு மோந்துட்டு, 'அப்பாடா, ஒருவழியா இன்னிக்குச் செஞ்சிட்டாங்க'ன்னார். நீங்க எப்பதான் செய்வீங்கன்னு ஊரே பார்த்துக்கிட்டிருந்துச்சு."

ஹனீனா அவள் பக்கம் திரும்பினாள். "ஊரேவா? எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத சனிக்கிழமையிலேருந்து. அந்தக் குளிர்ல எந்த வீட்டு அடுப்பாவது எரியாம இருக்குமா? புகை வராத உங்க புகைபோக்கி சொல்லிச்சு. அப்புறம் யார் எந்தச் சனிக்கிழமைன்னு முறை போட்டுக்கிட்டோம். போன மாசம் என் ஓரகத்தி முறைய மறந்துட்டா, நான் ஓடி வர வேண்டியதாச்சு. அவளோட இன்னும் பேச்சில்ல."

பதினான்கு தற்செயல்களும் ஒவ்வொன்றாக ஹனீனாவின் கண்முன் வந்து, முறை வைத்து நின்றன. அவள் மகளைப் பார்த்தாள். லூனா அடுப்பைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"டிசம்பர்லயே. பொண்ணுங்க சொன்னாங்க."

"ஏண்டி எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் எவ்ளோ கஷ்டப்பட்டு நடிக்கிறீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு."

மர்தோஷே எழுந்து நின்றார். வெந்த நாக்கோடு, நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேற்றாள் முன்னால் பேசினார். "அப்ப அந்தக் கழுதை? ஆடு? என் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களே?"

வஸீலா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். "ஐயா, குளிர்காலம். விதைப்பும் முடிஞ்சிடுச்சு, சண்டை வேற. பொழுது போக வேணாமா? நீங்க அப்படியே ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு நிப்பீங்க பாருங்க, அதப் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்திலேருந்து கூட வந்தாங்க."

ஏழு சங்கங்களின் செயலாளர் மெல்ல உட்கார்ந்தார். அவ்வளவு சின்னதாக அவர் உட்கார்ந்து ஹனீனா பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆனா கழுதை நடந்துச்சு" என்றாள் வஸீலா, இரக்கப்பட்டு. "அது நிஜம்."

அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

தெற்கே, மலைகளுக்கு அப்பால், பீரங்கிச் சத்தம் கேட்டது. போன வாரத்தைவிடக் கிட்டத்தில். ஆங்கிலேயர்கள் வருகிறார்கள், கோதுமை முற்றுவதற்குள் இங்கே இருப்பார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்வதாக வஸீலா சொன்னாள்.

"வந்த அன்னிக்கு நான் பேசணும்" என்றார் மர்தோஷே. "இந்த ஊருக்கு முன்னால. சுருக்கமா. அரை மணி நேரம்."

"அதுவரைக்கும் ஊமையாவே இருங்க ஐயா" என்றாள் வஸீலா. "நேத்திலேருந்து ஷேக் தன் மச்சான் ஊமைன்னு ஏழு ஊர்லயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறார். அவர் வார்த்தையப் பொய்யாக்கிடாதீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஹனீனா மறுபடி கீரை பறித்தாள், இந்த முறை இரண்டு சட்டிக்கு. மொச்சையை முன்னாடியே போட்டாள். பொழுது சாய்வதற்கு முன், மறுநாளைக்கான விறகை ஒளிக்காமல் அடுப்பில் நேர்த்தியாக அடுக்கினாள். அதன் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். வஸீலாவின் ஓரகத்தி முறை என்று லூனா சொல்லியிருந்தாள். அவளுக்காக ஒரு தட்டு பகைலாவை மூடி வைத்துவிட்டு, கதவின் தாழ்ப்பாளைப் போடாமல் சாத்தினாள்.